பிராங்க்பர்ட்டில் எட்டு மணி நேரம் கிடைத்தால்

சென்னையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானம் காலையில் பிராங்க்பர்ட்டில் இறங்கும். அங்கிருந்து அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ செல்பவர்களில் சிலருக்கு அடுத்த விமானம் இரண்டு மணி நேரத்தில் இருக்கும். சிலருக்குப் பிற்பகலிலோ மாலையிலோதான் இருக்கும். இந்த இரண்டாம் வகையினருக்காகவே இதை எழுதுகிறேன். மியூனிக்கில் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகவே நாற்பது நிமிடம் ஆகிவிடுகிறது. பிராங்க்பர்ட் விமான நிலையமோ நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் இருப்பதால், ரயிலில் ஏறிய கால் மணி நேரத்துக்குள் மத்திய ரயில் நிலையத்தை அடைந்துவிடலாம்.

முதலில் விசாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விமான நிலையத்துக்கு வெளியே செல்ல ஷெங்கன் விசா, அதாவது ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, வேண்டும். அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ கையில் இருந்தாலும் அதைக் காட்டி ஊருக்குள் போக முடியாது. ஷெங்கன் விசா இருப்பவர்களும் அது ஒருமுறை நுழைவுக்கானதா, பலமுறை நுழைவுக்கானதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஊர் சுற்றிவிட்டு அமெரிக்கா போனால், திரும்பும் வழியில் பாரிஸ் பார்க்கலாம் என்று போட்ட திட்டம் அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்க, கனடியக் கடவுச்சீட்டுடன் குறுகிய காலம் வருபவர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய பதிவு முறையில் முதல்முறை நுழையும்போது கைரேகையும் புகைப்படமும் எடுப்பதால், வரிசைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. இறங்கி, நடந்து, கடவுச்சீட்டுச் சோதனை முடிந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம். ரயிலில் போய்வரக் காத்திருப்பையும் சேர்த்து ஒரு மணி நேரம். புறப்பாட்டுக்கு இரண்டரை மணி நேரம் முன்பே திரும்பிவிட வேண்டும். ஆக, ஐந்து மணி நேரம் இதிலேயே போய்விடுகிறது. எட்டு மணி நேர இடைவெளி உள்ளவருக்கு ஊரில் மூன்று மணி நேரம் மிஞ்சும். அது நல்ல நடைக்குப் போதும். ஆறு மணி நேரம் உள்ளவருக்கு மிஞ்சுவது ஒரே மணி நேரம். விமானம் அரை மணி தாமதமானாலும் அதில் பாதி போய்விடும் என்பதால், அவர்கள் உள்ளேயே குளித்து, சாய்ந்து படுத்து இளைப்பாறுவதுதான் நல்லது என்பது என் கருத்து.

பெட்டிகள் கடைசி ஊர் வரை பதிவாகியிருக்கின்றனவா என்று சென்னையிலேயே கேட்டு, அடுத்த விமானத்துக்கான போர்டிங் பாஸையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி கைக்கு வராது என்பதால் குளிராடையைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். கைப்பை கனமாக இருந்தால் முதல் டெர்மினலில் உள்ள பொருள் காப்பகத்தில் கட்டணம் செலுத்தி விட்டுச் செல்லலாம்.

ரயில் நிலையம் முதல் டெர்மினலுக்குக் கீழேயே இருக்கிறது. தொலைதூர ரயில்களுக்கான நிலையம் வேறு. நீங்கள் தேட வேண்டியது எஸ்-பான் எனப்படும் புறநகர் ரயில் நிற்கும் நிலையம். ஹானாவ் அல்லது ஆபன்பாக் பக்கம் போகும் எஸ்8, எஸ்9 ரயில்களில் ஏறுங்கள். நிலையத்தில் தடுப்புக் கதவுகளே இல்லாததால் பயணச்சீட்டு வேண்டாம் போலத் தோன்றும். ஆனால் சோதனை நடக்கும், சீட்டு இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். மத்திய நிலையத்தில் இறங்காமல் ஹவுப்ட்வாகே வரை செல்லுங்கள். மத்திய நிலையத்துக்கு வெளியே உள்ள தெருக்கள் சிலவற்றில் போதைப் பழக்கத்துக்கு ஆளானவர்கள் கூடியிருப்பார்கள்; குறைந்த நேரத்தில் குழந்தைகளுடன் அந்த வழியாக நடக்க வேண்டிய அவசியமில்லை.

ஹவுப்ட்வாகேயிலிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் பவுல்ஸ்கிர்ஷே என்னும் நீள்வட்ட வடிவத் தேவாலயம் வரும். ஜெர்மானியர் தேர்ந்தெடுத்த முதல் தேசிய நாடாளுமன்றம் 1848-இல் கூடியது இங்கேதான். அதைத் தாண்டியதும் ரோமர்பெர்க் சதுக்கம். ஒருபுறம் 1405 முதல் நகரமன்றமாக விளங்கும் ரோமர் கட்டடம். எதிரே மரச்சட்டங்கள் தெரியக் கட்டிய வீடுகளின் வரிசை. இந்த வீடுகளைப் பல நூற்றாண்டுப் பழமை என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். உண்மையில் 1944 மார்ச் மாதக் குண்டுவீச்சில் பழைய நகரம் எரிந்து அழிந்தது. நீங்கள் பார்க்கும் வரிசை 1980-களின் தொடக்கத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் பின்புறத்தில் ஒரு கான்கிரீட் அலுவலகக் கட்டடத்தை இடித்துவிட்டு, 35 வீடுகள் கொண்ட ‘புதிய பழைய நகரம்’ என்னும் பகுதியை 2018-இல் திறந்தார்கள். அவற்றில் 15 வீடுகள் அழிந்தவற்றின் மறுஉருவாக்கங்கள். பேராலயத்தின் அருகே நிற்கும் தங்கத் தராசு வீட்டின் சிவந்த கல் வேலைப்பாட்டின் முன் சற்று நேரம் நில்லுங்கள். இழந்த வீட்டைக் கல் கல்லாகத் திருப்பிக் கட்டிக்கொண்ட ஊர் இது என்று தெரிந்து பார்ப்பவருக்கு இந்தத் தெருக்கள் வெறும் அழகாக மட்டும் தெரிவதில்லை. அந்தப் பேராலயத்தில்தான் 1562 முதல் 1792 வரை புனித ரோமப் பேரரசர்கள் முடிசூடினார்கள்.

அங்கிருந்து மைன் ஆறு இரண்டு நிமிட நடை. 1869-இல் திறந்த ஐசர்னர் ஸ்டேக் என்னும் இரும்பு நடைபாலத்தின் நடுவில் நின்றால் ஒரு பக்கம் வங்கிகளின் உயர்ந்த கோபுரங்கள், மறுபக்கம் பேராலயத்தின் கோபுரம். ஊரில் இருக்கும் நேரம் குறைந்துபோனாலும் இந்தப் பாலத்தை விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு, ஏழு வகைத் தழைகளை அரைத்துத் தயிர்ப்பதத்தில் சேர்த்துச் செய்யும் க்ரூனே சோஸேயை அவித்த உருளைக்கிழங்கும் முட்டையுமாகக் கேட்கலாம். இறைச்சி உண்ணாதவர்களுக்கும் ஏற்ற உள்ளூர் உணவு அது. ரோமருக்கு அருகே உள்ள க்ளைன்மார்க்ட்ஹாலே சந்தையில் நின்றபடியே சாப்பிட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தையும் ஏறத்தாழ எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும். கழிப்பறைக்கென்று சில்லறை யூரோ நாணயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஆற்றின் தென்கரையில் உள்ள ஸ்டேடல் அருங்காட்சியகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். டச்சு ஓவியர் வெர்மீரின் புவியியலாளர் ஓவியம் அங்கே இருக்கிறது.

திரும்பும்போது ஒரு பொறி உண்டு. எஸ்1, எஸ்8, எஸ்9 ஆகிய மூன்றின் முகப்பிலும் வீஸ்பாடன் என்றே எழுதியிருக்கலாம். ஆனால் எஸ்1 வேறு தடத்தில் செல்வதால் விமான நிலையத்தைத் தொடுவதே இல்லை. ஊர்ப்பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து ஏறுங்கள். விமான நிலையத்துக்கு வந்தபின் பாதுகாப்புச் சோதனையையும் கடவுச்சீட்டுச் சோதனையையும் மீண்டும் கடக்க வேண்டும். வாங்கிய தண்ணீர் பாட்டிலை அதற்கு முன்பே காலி செய்துவிடுங்கள். அமெரிக்கா செல்பவர்களின் ஆவணங்களை விமான வாயிலருகே இன்னொரு முறையும் பார்ப்பார்கள் என்பதால், கடவுச்சீட்டைப் பைக்குள் ஆழமாக வைத்துவிடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.