கையால் ஓட்டினால் ஓடும், கிரானில் ஓடாது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட ஆபீஸ். செம்பனைக் குலை எடைக் கணக்கை பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் கையால் ஓட்டினால் ஓடுகிறது. அதையே கிரானில் (லினக்ஸ் சர்வரில் குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்) போட்டால் சத்தமே இல்லை.

முதலில் வெளியீடு, பிழை இரண்டையும் லாக் ஃபைலுக்குத் திருப்புங்கள். அது இல்லாமல் தேடுவது வீண். எக்ஸிட் கோட் (கமாண்ட் முடியும்போது தரும் எண்) 127 என்றால் கமாண்டே அகப்படவில்லை: டெர்மினலின் நீளமான 'பாத்' (கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) கிரானுக்குக் கிடைக்காது. 126 என்றால் அகப்பட்டது, ஓட்ட முடியவில்லை. பெரும்பாலும் அனுமதிச் சிக்கல். கமாண்டுக்கும் ஃபைலுக்கும் முழு முகவரி எழுதுங்கள். கிரான் தொடங்குவது ஹோம் ஃபோல்டரில், ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தில் அல்ல.

கிராணி விண்டோஸில் திருத்தினாரா? வரிக் கடைசியில் ஒட்டிய மறைவெழுத்தை டாஸ்டுயுனிக்ஸ் (dos2unix) என்ற கமாண்ட் நீக்கும்.

சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம், மலேசியாவுக்கு 8 மணி நேரம் பின்னால்) இருந்தால், நம் காலை 6 மணிக்குக் கிரானின் மணி இடத்தில் 22 என்று போடுங்கள். அங்கே அது முந்தின நாள், கிழமை குறித்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.