பிளாக்கிங் பெப்டைடு வைத்து ஆன்டிபாடியைச் சோதிப்பது எப்படி?

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுப்படி பிரித்து, மெம்பரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் தேடும் முறை) எதிர்பார்த்த இடத்தில் ஒரு பேண்டு, அதாவது புரதம் தெரியும் கோடு, அதற்குக் கீழே இன்னும் இரண்டு. எதை நம்புவது? எந்தப் பெப்டைடை (புரதத்தின் சிறு துண்டு) வைத்து ஆன்டிபாடியை உருவாக்கினார்களோ அதையே செயற்கையாகத் தயாரித்து முன்கூட்டியே ஆன்டிபாடியோடு கலந்துவிட்டால், அதன் பிடிக்கும் இடங்கள் நிரம்பிவிடும், மெம்பரேனில் ஒட்ட வழியிருக்காது. எந்தப் பேண்டு மறைகிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

முதலில், தெளிவான சிக்னல் தரும் மிகக் குறைந்த ஆன்டிபாடி செறிவைக் கண்டுபிடியுங்கள். ஆன்டிபாடி அதிகமானால் பெப்டைடுக்குப் பிடிபடாமல் மிச்சம் நிற்பதே பேண்டைக் காட்டிவிடும்.

அப்புறம் இரண்டு ட்யூப், இரண்டிலும் ஒரே பஃபர், ஒரே அளவு ஆன்டிபாடி. ஒன்றில் மட்டும் ஆன்டிபாடியின் எடையைப்போல் 5 மடங்கு பெப்டைடு. இது குறைவாகத் தோன்றும், ஆனால் ஐஜிஜி (வழக்கமான ஆன்டிபாடி வகை) சுமார் 150 கிலோடால்டன் எடை, 15 அமினோ அமிலப் பெப்டைடு 1.7 கிலோடால்டன் அளவுதான், ஆகவே மூலக்கூறு எண்ணிக்கையில் 400 மடங்குக்கு மேல் வருகிறது.

நான் சறுக்கியது இங்கேதான். பெப்டைடு ட்யூபை இரவு முழுக்க 4 டிகிரியில் சுழலவிட்டேன், மற்றதைக் காலையில் புதிதாகக் கலந்தேன். பேண்டு மறைந்தது, சந்தோஷப்பட்டேன். ஆனால் மறைந்தது பெப்டைடாலா, இரவெல்லாம் சுழன்றதாலா, பெப்டைடைக் கரைத்த டிஎம்எஸ்ஓவாலா என்று சொல்லவே முடியவில்லை! பெப்டைடு இல்லாத ட்யூபுக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ, அதே நேரம், அதே சுழற்சி கொடுங்கள்.

பிறகு இரண்டையும் சற்று சென்ட்ரிஃபியூஜ் செய்து மேல்திரவத்தை எடுங்கள். ஒரே ஜெல்லில் ஒரே லைசேட்டை (செல்களை உடைத்து எடுத்த கரைசல்) இரு பாதியிலும் ஏற்றி, மெம்பரேனை வெட்டி, ஒரு பாதியை ஒரு ட்யூபின் திரவத்திலும் மறுபாதியை மற்றதிலும் ஊறவைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே எக்ஸ்போஷரில் படமெடுங்கள். தனித்தனிப் படங்களை நான் ஏற்பதில்லை. முடிந்தால் அமினோ அமிலங்களை வரிசை மாற்றிய பெப்டைடோடு மூன்றாவது ட்யூபும் வையுங்கள், அது எதையும் மறைக்கக் கூடாது.

பின்சேர்க்கை: "பேண்டு மறைந்துவிட்டது, அப்படியானால் அது என் புரதம்தானே?" என்று சிலர் கேட்டார்கள். இல்லை. அதே எபிடோப்பை (ஆன்டிபாடி பிடிக்கும் இடம்) போன்ற பகுதி உள்ள வேறொரு புரதத்தை ஆன்டிபாடி பிடித்திருந்தாலும் அந்தப் பேண்டும் மறையும். மறையாத பேண்டைச் சந்தேகிக்க இந்தச் சோதனை நன்றாக உதவும், மறைந்ததை உறுதிசெய்ய அந்த மரபணுவை நீக்கிய நாக்அவுட் செல்லின் லைசேட்டைத்தான் நம்புவேன்.

பாஸ்போ ஆன்டிபாடி (பாஸ்பேட் சேர்ந்த புரதத்தை மட்டும் பிடிக்க வேண்டியது) என்றால் பாஸ்பேட் உள்ளது, இல்லாதது என இரண்டு பெப்டைடும் வாங்குங்கள். முதலாவது மட்டும் பேண்டை மறைக்க வேண்டும்.