நுரையீரல் கேன்சர், மைக்ரோஆர்என்ஏன்னு ஃபார்வர்டு வந்தா எப்படிப் படிக்கிறது

கீழக்கரை, தொண்டி, மண்டபம்னு நம்ம பக்கம் ஒரு வீட்ல நுரையீரல் கேன்சர்னு தெரிஞ்சா போதும், துபாய் மச்சான்ல இருந்து எல்லாரும் வாட்ஸ்அப்ல ஆராய்ச்சி அனுப்ப ஆரம்பிச்சிருவாங்க, அதுல அடிக்கடி வர்ற பேரு மைக்ரோஆர்என்ஏ.

மொதல்ல, அது கிருமி இல்ல. நம்ம செல்லுக்குள்ளயே இருக்குற, சுமாரா 22 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ, அதாவது ஜீன்ல இருந்து நகலெடுத்த ஒரு இழை. புரோட்டீன் செய்யச் சொல்லிப் போற தூது ஆர்என்ஏ மேல ஒட்டிக்கிட்டு அந்த வேலையக் கொறச்சிரும், அவ்ளோதான். இதைக் கண்டுபிடிச்ச விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ரெண்டு பேருக்கும் 2024ல நோபல் கெடச்சுது.

அடுத்து, எந்த மைக்ரோஆர்என்ஏன்னு பேரப் பாருங்க. லெட்-7னா, அது செல்ல வளரச் சொல்ற ராஸ் ஜீனை அடக்கி வைக்கிறது, நுரையீரல் கேன்சர் பலர்கிட்ட இது கொறஞ்சிருக்கும், அப்ப கட்டி வளர வழி கெடச்சிருது. மிர்-21 (மிர்னா மைக்ரோஆர்என்ஏதான்) நேர் எதிர், அது கூடுனா பிடிஇஎன் மாதிரி வளர்ச்சியக் கட்டுப்படுத்துற புரோட்டீன் கொறையும். பரவுறதப் பத்தின்னா மிர்-200 குடும்பத்தத் தேடுங்க. அது ஜெப்1ங்கிற புரோட்டீனை அடக்கி வைக்கிற வரைக்கும் செல்லுங்க ஒன்னோட ஒன்னு ஒட்டி இருக்கும், அது கொறஞ்சா வலையில முடிச்சு அவுந்த மாதிரி செல்லு தனித்தனியா கழண்டு ரத்தத்துல ஏறி மூளை, எலும்பு, ஈரல்னு போய் உக்காந்துரும்.

அப்புறம் எதுல செஞ்சு பாத்தாங்கன்னு பாருங்க, தட்டுல வளத்த செல்லா, எலியா, மனுசனா? முக்காவாசி மொத ரெண்டுதான். மிர்-34ஏ மாதிரி செஞ்ச எம்ஆர்எக்ஸ்34 மருந்த மனுசங்களுக்கு ஏத்திப் பாத்து, எதிர்ப்பு சக்தி தாறுமாறா கெளம்புனதால 2016லயே நிறுத்திட்டாங்க. ரத்தத்துல மிர்-21 பாத்தா போதும்னு எவனாவது பேக்கேஜ் வித்தா காசு கட்டாதீங்க, வேற கேன்சர்லயும், சாதா வீக்கத்துலயும்கூட அது ஏறும்.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது வேற. ரிப்போர்ட்ல சிறு செல் அல்லாத வகைன்னு எழுதியிருந்தா, கட்டியில ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 ஜீன் மாத்தமும் பிடி-எல்1 புரோட்டீன் அளவும் பாத்தாச்சான்னு கேளுங்க, அதுக்குத்தான் இப்ப மாத்திரையும் ஊசியும் இருக்கு. வைத்தியத்துக்கு மதுரைக்குப் போறப்ப ரிப்போர்ட் மட்டும் பத்தாது, கட்டியில எடுத்த சதைத்துண்ட மெழுகுல பதிச்சு வச்ச பயாப்ஸி பிளாக்கையும் லேப்ல கேட்டு வாங்கிட்டுப் போங்க, நம்மூர் வெயில்ல கார் டேஷ்போர்டு மேல மட்டும் வச்சிராதீங்க, மெழுகு எளகிரும்.