பற்றைத் தரையில் புதர் வானம்பாடியை இனங்காண்பது எப்படி?

இலங்கையின் கிழக்கே, படுவான்கரையில் அறுவடை முடிந்த வயல் வட்டைக்குள் நடந்தாலும் சரி, பொத்துவில், பாணமைப் பக்கம் மாடு மேயும் பற்றைத் தரையில் நின்றாலும் சரி, மண் நிறத்தில் ஒரு சின்னக் குருவி காலடியில் இருந்து விருட்டென்று கிளம்பும். கொஞ்சம் நின்று பாருங்கள். அது ஜெர்டன் புதர் வானம்பாடியாக இருக்கலாம். தென்னிந்தியப் பக்கத்தையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது.

நீளம் சுமார் 14 செ.மீ. தடித்த அலகு, குட்டை வால், கொஞ்சம் பருத்த உடம்பு, மார்பில் கரும்புள்ளிகள். முதுகுக் கோடுகளை வைத்து முடிவெடுக்கப் போனால் குழம்பிவிடுவீர்கள், தரையில் வாழும் குருவிகள் பலதுக்கும் முதுகு அப்படித்தான். பறக்கும் வரை காத்திருங்கள். இறக்கையில் செங்கல் நிறம் பளிச்சென்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதிகம் குழப்புவது வயல் நெட்டைக்காலி. அது மெலிந்த உடம்பும் நீண்ட காலுமாக நிமிர்ந்து நிற்கும், தரையில் கொஞ்சம் ஓடி நின்று வாலை மேலும் கீழும் ஆட்டும், பறக்கையில் வாலின் இரு ஓரமும் வெள்ளையாகத் தெரியும். புதர் வானம்பாடிக்கு அந்த வெள்ளை கிடையாது. விரட்டினால் பெரும்பாலும் பக்கத்து வேலிக்கட்டையிலோ கரண்ட் கம்பியிலோ பற்றை உச்சியிலோ போய்க் குந்தும்.

பாடும் காலத்தில் சந்தேகமே வராது. உட்கார்ந்த கட்டையில் இருந்து சில மீற்றர் மேலே எழும்பி, இறக்கையை விரித்து, காலைத் தொங்கவிட்டு, மெல்லிய உலோகச் சத்தமாய் இழுத்துப் பாடிக்கொண்டே பாரசூட் மாதிரி இறங்கும், பல தடவை அதே கட்டைக்கே திரும்பி வரும். இதற்காகவே காலை வெயில் ஏறுமுன் போய் ஒரு இடத்தில் அசையாமல் இருப்பது நல்லது. மிக உயரத்தில் ஒரே இடத்தில் நின்று நீளப் பாடினால் அது கொண்டையுள்ள இன்னொரு வானம்பாடி. வயிறு கறுத்து, தலை சாம்பலாக, சிட்டுக்குருவியை விடச் சிறிதாகத் தெரிந்தால் சாம்பல்தலை வானம்பாடியின் ஆண்.

அப்புறம் ஒன்று. புதர் வானம்பாடி அலகில் பூச்சியோடு கீழே இறங்காமல் தயங்கித் தயங்கி நின்றால், கூடு அங்கேயே புல்லடியில் தரையில் இருக்கிறது. காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து, வந்த வழியே விலகுங்கள். போனில் அதன் பாட்டைப் போட்டுக் கூப்பிடவும் வேண்டாம், நாயைக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம்.