ட்ரோன் இஎஸ்சி: ஈயம் வைப்பதிலிருந்து முதல் ஹோவர் வரை

இஎஸ்சி என்பது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை. புது இஎஸ்சிக்கு மிக ஆபத்தான நேரம், முதல் முறை பேட்டரி சொருகும் அந்த நொடிதான். சாஃப்ட்வேரில் தப்பாக வைத்த எண்ணைத் திருத்திவிடலாம், எரிந்த மாஸ்ஃபெட்டை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) திருத்த முடியாது. அதனால் கம்ப்யூட்டரில் சொருகும் முன் செய்ய வேண்டியவற்றையே இங்கு முதலில் விரிவாகச் சொல்கிறோம்.

எடுத்துக்கொண்டிருப்பது எல்லோரும் கட்டும் ஓர் அமைப்பு: 5 அங்குல குவாட், 6எஸ் லைபோ (ஆறு செல் பேட்டரி), 2207 அளவு மோட்டார் (1750 முதல் 1950 கேவி வரை; கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது), பிஎல்ஹெலி_எஸ் ஃபர்ம்வேர் (இஎஸ்சிக்குள் ஓடும் நிரல்) உள்ள 45 அல்லது 50 ஆம்பியர் ஃபோர்-இன்-ஒன் இஎஸ்சி (நான்கு இஎஸ்சியும் ஒரே பலகையில்), பீட்டாஃப்ளைட் என்ற பறத்தல் மென்பொருள் ஓடும் ஃப்ளைட் கன்ட்ரோலர். இனி அதை எஃப்சி என்றே சொல்வோம்.

ஈயம் வைக்கும் முன்பும் பின்பும்

பலகை கைக்கு வந்ததும், எதையும் இணைக்காமல் மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். பேட்டரி பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் இடையே தொடர்ச்சியான பீப் வரக் கூடாது. பிறகு 12 மோட்டார் பேட்களையும் (வயர் ஒட்டும் செம்புத் தளங்கள்) ஒவ்வொன்றாகப் பிளஸ்ஸுடனும் மைனஸ்ஸுடனும் தொட்டுப் பாருங்கள். ஒன்று கத்தினாலும் அந்த மாஸ்ஃபெட் ஷார்ட். பலகையைத் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனையை மோட்டார் மாட்டும் முன்பே செய்ய வேண்டும். மாட்டிய பிறகு மூன்று வயர்களும் சுருள் வழியே ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதால், மூன்றில் எது கெட்டது என்று தெரியாது.

ஈயம் 63/37 வகை எடுங்கள். மோட்டார் வயர்களுக்கு 350 டிகிரி போதும். பேட்டரி பேட்களில் செம்பு நிறைய இருப்பதால் சூட்டை உறிஞ்சிவிடும். அங்கே அகலமான நுனியும் 380 முதல் 400 டிகிரி வரையும் தேவை. பேடுக்குத் தனியாக, வயருக்குத் தனியாக ஈயம் பூசிவிட்டுச் சேர்த்தால் நான்கைந்து நொடியில் வேலை முடியும். ஈயம் பளபளப்பாகப் பேடின் ஓரம் வரை படர்ந்திருக்க வேண்டும். மங்கலாக உருண்டையாக நின்றால் உள்ளே பிடிக்கவில்லை என்று அர்த்தம். பின்னால் பறக்கும்போது ஒரு மோட்டார் திடீரென்று நிற்கக் காரணமாவது இந்த உருண்டைதான்.

கெபாசிட்டரை விட்டுவிடாதீர்கள். வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது இஎஸ்சி மோட்டாரைப் பிரேக் பிடிக்கிறது. அப்போது மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைப் பேட்டரிப் பக்கம் திருப்பித் தள்ளுகிறது. பேட்டரி வயரின் நீளம் அதைத் தடுப்பதால் பலகையில் வோல்டேஜ் ஊசி போல எகிறும். 6எஸ் முழு சார்ஜில் 25.2 வோல்ட். இந்த எகிறல் அதன் மேல் ஏறும்போதுதான் மாஸ்ஃபெட் போகிறது. 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், லோ இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) வகை ஒன்று போதும். இடம் இருந்தால் 50 வோல்ட் இன்னும் நல்லது. கால்களை முடிந்த அளவு குட்டையாக வெட்டி, பேட்டரி பேடின் மீதே வையுங்கள். வெள்ளைப் பட்டை உள்ள கால் மைனஸ். வீடியோவில் வரும் கோடுகளும் ஜைரோ (சுழற்சியை அளக்கும் சென்சார்) இரைச்சலும்கூட இதனால் குறையும்.

எஃப்சிக்கும் இஎஸ்சிக்கும் இடையே போகும் 8 பின் கேபிளில் பேட்டரி வோல்டேஜ், கிரவுண்ட், கரண்ட், டெலிமெட்ரி (இஎஸ்சி திருப்பி அனுப்பும் தகவல்), நான்கு மோட்டார் சிக்னல் ஆகியவை போகும். வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனி எஃப்சியையும் இன்னொரு கம்பெனி இஎஸ்சியையும் சேர்க்கிறீர்கள் என்றால், இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்து ஒவ்வொரு பின்னாக ஒப்பிடுங்கள். பேட்டரி வோல்டேஜ் தப்பான பின்னில் ஏறினால் எஃப்சி உடனே போய்விடும். கேபிள் சரியாகச் சொருகிக்கொள்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

மோட்டார் ஸ்க்ரூ நீளத்தையும் பாருங்கள். நீளம் கூடினால் நுனி சுருளைக் குத்தும். மோட்டாரை இஎஸ்சியோடு இணைக்கும் முன், அதன் வயர் ஒன்றுக்கும் ஸ்க்ரூ தலைக்கும் இடையே பீப் பாருங்கள். வந்தால் குட்டை ஸ்க்ரூ போடுங்கள்.

முதல் மின்சாரம்

ப்ராப் (விசிறி) மாட்டியிருக்கக் கூடாது. முதல் ஹோவர் (ஒரே இடத்தில் மிதப்பது) வரை இது மாறாது.

பேட்டரிக்கும் ட்ரோனுக்கும் நடுவே ஸ்மோக் ஸ்டாப்பர் (ஷார்ட் இருந்தால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சின்னக் கருவி) போடுங்கள். கிடைக்காவிட்டால் லாரி இண்டிகேட்டரில் வரும் 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றைப் பிளஸ் வயரில் தொடராக இணைத்தால் அதே வேலையைச் செய்யும். சொருகியதும் கெபாசிட்டர் நிரம்பும் அளவுக்குப் பல்பு ஒரு கணம் மின்னி அணைய வேண்டும். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். கழற்றிவிட்டுத் தேடுங்கள். பல்பு இருந்ததால் பலகை பிழைத்தது.

இப்போது காது கொடுங்கள். பிஎல்ஹெலி_எஸ் மூன்று குறுகிய ஒலிகளை எழுப்பும்: மின்சாரம் வந்துவிட்டது. அடுத்து ஒரு தாழ்ந்த ஒலி: எஃப்சியின் சிக்னல் தெரிகிறது. கடைசியாக ஓர் உயர்ந்த ஒலி: த்ராட்டில் (வேகக் கட்டளை) பூஜ்யத்தில் இருக்கிறது, நான் தயார். மூன்றோடு நின்றுவிட்டால் சிக்னல் வரவில்லை. கேபிளையும் பீட்டாஃப்ளைட்டில் வைத்த புரோட்டோகாலையும் பாருங்கள். நான்கில் ஒரு மோட்டார் மட்டும் ஊமையாக இருந்தால், அதன் மூன்று வயர்களின் ஈயத்தைப் பாருங்கள்.

ப்ளூஜே ஏற்றுவது

பிஎல்ஹெலி_எஸ் பலகையிலேயே ப்ளூஜே ஃபர்ம்வேரை ஏற்றலாம். இலவசம், ஓப்பன் சோர்ஸ். முக்கியமான லாபம், இருவழி டிஷாட் கிடைப்பது. டிஷாட் என்பது எஃப்சி இஎஸ்சிக்கு வேகத்தை எண்ணாகச் சொல்லும் சிக்னல் முறை. மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை இஎஸ்சி அதே வயரில் எஃப்சிக்குத் திருப்பிச் சொல்லும். அதை வைத்துத்தான் பீட்டாஃப்ளைட்டின் ஆர்பிஎம் ஃபில்டர் (மோட்டார் அதிர்வை ஜைரோ அளவிலிருந்து வெட்டும் வடிகட்டி) வேலை செய்கிறது.

32 பிட் பலகைக்கு ப்ளூஜே பொருந்தாது. அந்தப் பலகைகளுக்கான பிஎல்ஹெலி_32 ஃபர்ம்வேரை உருவாக்கிய நிறுவனம் 2024-இல் கடையை மூடிவிட்டது. அதில் ஓடும் பழைய பலகைகள் தொடர்ந்து பறக்கும், கவலை வேண்டாம். புதிதாக 32 பிட் வாங்குவதென்றால் ஏஎம்32 ஃபர்ம்வேர் உள்ளதாக வாங்குங்கள்.

குரோம் பிரவுசரில் இஎஸ்சி கன்ஃபிகரேட்டர் பக்கத்தைத் திறங்கள். பீட்டாஃப்ளைட் கன்ஃபிகரேட்டர் திறந்திருந்தால் மூடுங்கள், இரண்டும் ஒரே போர்ட்டுக்குச் சண்டை போடும். யுஎஸ்பி, பேட்டரி இரண்டையும் இணைத்து அமைப்புகளைப் படிக்கச் சொல்லுங்கள். நான்கு இஎஸ்சியும் தெரிய வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் பேட்டரி சொருகவில்லை. மூன்றுதான் வருகிறது என்றால் நான்காவதன் சிக்னல் வயரில் கோளாறு.

எதையும் தொடும் முன் திரையைப் படமெடுத்து வையுங்கள். அதில் 'ஜே-எச்-40' போல ஒரு பெயர் இருக்கும். முதல் எழுத்து பலகையின் பின் அமைப்பு. இரண்டாவது சிப்பின் வகை: 'எச்' என்றால் 48 மெகாஹெர்ட்ஸ், 'எல்' என்றால் 24. கடைசி எண் டெட் டைம், அதாவது ஒரே கட்டத்தின் (ஒரு மோட்டார் வயரின்) மேல் மாஸ்ஃபெட் அணைந்து கீழ் மாஸ்ஃபெட் திறக்கும் முன் விடும் இடைவெளி. அது தேவைக்குக் குறைந்தால் இரண்டும் ஒரு கணம் சேர்ந்து திறந்து, பேட்டரியின் பிளஸ்ஸும் மைனஸ்ஸும் நேராகச் சேர்ந்துவிடும். அதனால் கருவி தானாகக் கண்டுபிடித்த பெயரை மாற்றி ஏற்றாதீர்கள். ஒத்துப்போகவில்லை என்று எச்சரித்தால் அதை மீறவும் வேண்டாம்.

பிடபிள்யூஎம் அதிர்வெண் (மாஸ்ஃபெட் நொடிக்கு எத்தனை முறை திறந்து மூடுவது) கேட்கும். 5 அங்குலத்துக்கு 24 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ். 24-இல் பிரேக் வலு அதிகம், 48-இல் ஓட்டம் மென்மை. 96 சின்ன 1எஸ் வூப் ட்ரோன்களுக்கானது. பறக்கும் நேரம் கூடும், ஆனால் குறைந்த த்ராட்டிலில் இழுவை குறையும்; அங்கே ஐடில் மதிப்பை (த்ராட்டில் இறங்கியிருக்கும்போதும் மோட்டார் சுற்றும் அளவு) சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். நான்கு இஎஸ்சிக்கும் சேர்த்து ஏற்றுங்கள். நடுவில் எதையும் பிடுங்காதீர்கள். பாதியில் நின்றுபோனாலும் பூட்லோடர் (ஃபர்ம்வேரை ஏற்றிக்கொள்ளும் சின்ன நிரல்) பெரும்பாலும் பிழைத்திருக்கும், மறுபடி ஏற்றலாம்.

டைமிங், டிமேக், ஸ்டார்ட்அப் பவர் என்று பட்டியல் நீளமாக வரும். எங்கள் கருத்து: ஆரம்பத்தில் எதையும் தொடாதீர்கள். காரணம் தெரிந்து மாற்றும் ஒரு மதிப்பு, ஊகித்து மாற்றும் பத்தைவிட மேல்.

பீட்டாஃப்ளைட் பக்கம்

மோட்டார்ஸ் பகுதியில் புரோட்டோகால் டிஷாட்300 வையுங்கள். பிஐடி லூப் (ட்ரோனை நிலையாக வைக்க எஃப்சி செய்யும் திருத்தக் கணக்கு) 4 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் இது போதும். 8-இல் ஓட்டினால் டிஷாட்600. டிஷாட் ஒவ்வொரு முறையும் 16 பிட் அனுப்புகிறது. 11 பிட் த்ராட்டில், 1 பிட் டெலிமெட்ரி கோரிக்கை, 4 பிட் சரிபார்ப்பு. எண்ணாக அனுப்புவதால் த்ராட்டில் கேலிப்ரேஷன் (த்ராட்டிலின் மேல், கீழ் எல்லைகளை இஎஸ்சிக்குக் கற்றுத் தருவது) என்ற வேலையே இல்லை.

இருவழி டிஷாட்டை இயக்கிவிட்டு மோட்டாரின் காந்த முனை (pole) எண்ணிக்கையைக் கொடுங்கள். சுற்றும் மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்களை எண்ணுங்கள். 2207-இல் பொதுவாக 14, சின்ன மோட்டார்களில் பெரும்பாலும் 12. இதில் தப்பினால் என்ன ஆகும்? மோட்டார் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றும்போது அதிர்வு 400 ஹெர்ட்ஸில் இருக்கும். 14-க்குப் பதில் 12 கொடுத்திருந்தால் எஃப்சி 28,000 என்று கணக்கிட்டு 467 ஹெர்ட்ஸை வெட்டும். உண்மையான அதிர்வு அப்படியே ஜைரோவுக்குள் போகும், மோட்டார் சூடாகும், எங்கும் எந்தப் பிழையும் காட்டாது.

ஒவ்வொரு மோட்டாராக மெல்லச் சுற்றுங்கள். வரிசை: 1 பின் வலது, 2 முன் வலது, 3 பின் இடது, 4 முன் இடது. வழக்கமான திசையில், மேலிருந்து பார்க்க 1-ம் 4-ம் கடிகாரச் சுற்று, 2-ம் 3-ம் எதிர்ச்சுற்று. ஒரு காகிதத் துண்டை மூடியின் பக்கத்தில் உரச விட்டால் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரியும். திசையை மோட்டார் டைரக்ஷன் பொத்தானிலேயே மாற்றலாம், வயரை அவிழ்க்க வேண்டாம். சுற்றும்போது மோட்டாருக்குக் கீழே காட்டும் பிழை விகிதம் 1 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

ஒரு பயம் பலருக்கும் வரும்: ப்ராப் இல்லாமல் ஆர்ம் செய்து (மோட்டார்களை இயக்க நிலைக்குக் கொண்டுவந்து) த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றினால் மோட்டார்கள் தாமாகவே வேகம் கூடிக்கொண்டே போகும். கோளாறு இல்லை. சட்டம் (ஃப்ரேம்) நகரவில்லை என்பதால் பிஐடி மேலும் மேலும் திருத்தப் பார்க்கிறது.

கல்லூரி எஃப்450 கட்டுபவர்களுக்கு

எஃப்450 சட்டம், 2212 மோட்டார், தனித்தனி 30 ஆம்பியர் இஎஸ்சி, பிக்ஸ்ஹாக் எஃப்சி என்றால் பழைய பிடபிள்யூஎம் சிக்னல்தான் (துடிப்பின் நீளத்தால் வேகத்தைச் சொல்வது). அங்கே கேலிப்ரேஷன் கட்டாயம். செய்யாவிட்டால் ஒரே த்ராட்டிலுக்கு நான்கும் நான்கு வேகத்தில் சுற்றும். பிக்ஸ்ஹாக்கில் ஓடும் ஆர்டுபைலட் மென்பொருளில்: ரிமோட்டில் த்ராட்டிலை முழுதாக ஏற்றிப் பேட்டரியைச் சொருகுங்கள். விளக்குகள் மாறி மாறி எரியும். த்ராட்டிலை இறக்காமல் பேட்டரியைப் பிடுங்கி மறுபடி சொருகுங்கள். சேஃப்டி சுவிட்ச் இருந்தால் அழுத்துங்கள். செல் எண்ணிக்கைக்கு ஏற்ற பீப்பும் அதன்பின் இரண்டு பீப்பும் கேட்டதும் த்ராட்டிலை அடி வரை இறக்குங்கள். நீண்ட பீப் வந்தால் முடிந்தது. பேட்டரியைக் கழற்றி கேலிப்ரேஷன் நிலையிலிருந்து வெளியே வாருங்கள். பவர் மாட்யூலிலிருந்து பிக்ஸ்ஹாக் மின்சாரம் எடுக்கும்போது, இஎஸ்சிகளின் நடு சிவப்பு வயரைக் கனெக்டரிலிருந்து உருவி டேப் சுற்றி வையுங்கள்.

பறக்கும்போது தெரியும் கோளாறுகள்

ப்ராப் மாட்டி முப்பது நொடி ஹோவர் செய்து இறக்குங்கள். நான்கு மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதன் பேரிங், ஸ்க்ரூ, ப்ராப் மூன்றையும் பாருங்கள். எழும்பும்போதே புரண்டால் மோட்டார் வரிசை, ப்ராப் திசை, எஃப்சி பலகையின் திசை, இந்த மூன்றில் ஒன்று.

த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றும்போது ஒரு மூலை சரிந்து ட்ரோன் சுழன்று விழுந்தால் அது டிசிங்க் (இஎஸ்சியும் மோட்டாரும் ஒத்திசைவு இழப்பது). இஎஸ்சி, மின்சாரம் போகாத மூன்றாவது வயரின் வோல்டேஜைப் பார்த்துத்தான் காந்தம் எங்கே இருக்கிறது என்று அறிகிறது. அந்தக் கணத்தைத் தவறவிட்டால் மோட்டார் திணறி நின்றுவிடும். முதலில் அந்த மோட்டாரைச் சட்டத்தின் இன்னொரு கைக்கு மாற்றுங்கள். கோளாறு மோட்டாரோடு போனால் மோட்டார், அதே கையில் தங்கினால் இஎஸ்சி அல்லது ஈயம். இரண்டும் நன்றாக இருந்தும் தொடர்ந்தால் டிமேக் காம்பன்சேஷனை (டிசிங்க் ஆகாமல் காக்கும் அமைப்பு) 'ஹை' ஆக்கிப் பறந்து பாருங்கள். போதாவிட்டால் டைமிங்கை 15 டிகிரியிலிருந்து 22.5-க்கு ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

கடைசியாக கரண்ட் அளவு. முழு சார்ஜிலிருந்து ஒரு பேட்டரி பறந்து, எஃப்சி காட்டும் எம்ஏஎச்-ஐயும் மறுபடி முழுதாக ஏற்றும்போது சார்ஜர் காட்டுவதையும் குறியுங்கள். எஃப்சி 1320, சார்ஜர் 1100, இப்போதைய ஸ்கேல் (எஃப்சி கரண்டைக் கணக்கிடப் பயன்படுத்தும் எண்) 400 என்றால், புது ஸ்கேல் 400 × 1320 ÷ 1100 = 480. இரண்டாவது பேட்டரியில் வித்தியாசம் சில சதவீதத்துக்குள் வந்துவிடும்.