சின்னக் கரப்பான் பெரிய கரப்பானின் குஞ்சா? வீட்டுக் கரப்பான்களை இனம் பிரிப்பது எப்படி

சமையலறையில் விளக்கைப் போட்டதும் சிதறி ஓடும் சின்னக் கரப்பான்களைப் பார்த்து, "பெரிசு குஞ்சு பொரிச்சிருக்கு" என்று குளியலறைச் சாக்கடையில் மருந்து ஊற்றுகிறவர்கள் ஏராளம். அந்த மருந்து பெரும்பாலும் வீண். சமையலறையில் ஓடுவது ஓர் இனம், சாக்கடையிலிருந்து ஏறி வருவது வேறோர் இனம். இரண்டும் ஒளியும் இடம் வேறு, பெருகும் வேகம் வேறு, அடக்கும் வழியும் வேறு. எது எது என்று தெரியாமல் செலவழிக்கும் பணம் வீட்டுக்காரருக்குத்தான் நஷ்டம்.

முதல் விதி: இறக்கை முளைத்துவிட்டால் கரப்பானின் வளர்ச்சி முடிந்தது. அதற்குமேல் அது தோலுரிப்பதில்லை, பெரிதாவதும் இல்லை. ஆகவே ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், வயிற்றை முழுக்க மூடிய இறக்கையோடு ஒரு கரப்பான் கிடைத்தால் அது குஞ்சே அல்ல. முழு வளர்ச்சி அடைந்த சின்ன இனம். அதே ஒன்றரை சென்டிமீட்டரில் இறக்கை இல்லாமல் இருந்தால், பெரிய இனத்தின் பாதி வளர்ந்த குஞ்சாக இருக்கலாம்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். தோலுரித்த கரப்பான் முதலில் வெள்ளை வெளேரென்று இருக்கும், சில மணி நேரத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். வெள்ளைக் கரப்பான் என்று தனி இனம் எதுவும் வீட்டுக்குள் வந்துவிடவில்லை.

பிடிப்பது

செருப்பால் அடித்தால் அடையாளம் நசுங்கிவிடும். பார்க்கவேண்டிய முக்கியமான பகுதி தலைக்குப் பின்னால், தலையையே பாதி மறைத்தபடி இருக்கும் தட்டையான தகடு. இதைக் கழுத்துத் தகடு என்று வைத்துக்கொள்வோம். அது சிதையாமல் கிடைக்க ஒட்டுப்பொறி அட்டைதான் நல்லது. கடையில் கரப்பானுக்கென்றே விற்கும் அட்டைகளில் ஆறு வாங்குங்கள். பின்புறம் பென்சிலால் எண் போட்டு, இரவு பாத்திரம் கழுவி முடித்த பிறகு வையுங்கள்: சிங்குக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் மூலை, பிரிட்ஜுக்குப் பின்னால் கம்ப்ரசர் பக்கம், அடுப்பு மேடைக்குக் கீழுள்ள அலமாரி, குளியலறையின் தரை வடிகால் அருகே, டிவிக்குப் பின்னால், பிறகு பரண் அல்லது உயரமான அலமாரியின் மேல்தட்டு.

அட்டையின் ஒரு விளிம்பு சுவரைத் தொட்டிருக்க வேண்டும். கரப்பான் உணர்கொம்பால் சுவரைத் தடவிக்கொண்டே ஓரமாக ஓடும் பூச்சி. தரை நடுவில் வைத்த அட்டை பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். சமீபத்தில் ஸ்ப்ரே அடித்த இடத்திலும் சரியாகச் சிக்காது, ஏனென்றால் பல ஸ்ப்ரேக்கள் கரப்பானை அந்த இடத்தைவிட்டு விரட்டிவிடும். ஈரமும் மாவுத்தூசியும் பட்டால் பசை போய்விடும். மூன்று இரவு விட்டுவைத்துப் பாருங்கள்.

அட்டை கிடைக்காவிட்டால் வாயகன்ற ஜாம் பாட்டில் போதும். உள்ளே ஒரு துண்டு பிரெட்டோ வாழைப்பழமோ போட்டு, வாயை ஒட்டி உட்புறமாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு வாசலின் தடவுங்கள். வெளிப்புறத்தில் காகிதம் சுற்றி ஒட்டினால் கரப்பான் பிடித்து ஏறும். உள்ளே விழுந்தது வழுக்கி வழுக்கி அங்கேயே கிடக்கும். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊற்றினால் உருக்கெடாமல் செத்துவிடும். அட்டையில் ஒட்டியதை எடுக்க ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விட்டுச் சற்று நேரம் காத்திருந்தால் பசை இளகும். வெறுங்கையால் தொடவேண்டாம், கரப்பானின் கழிவும் உரித்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை.

ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். அளவு என்பது தலையிலிருந்து உடலின் பின்நுனி அல்லது இறக்கை நுனி வரை, உணர்கொம்பைச் சேர்க்கக்கூடாது. படத்தைப் பெரிதாக்கிக் கழுத்துத் தகட்டைப் பாருங்கள்.

சமையலறைச் சின்னக் கரப்பான்

கழுத்துத் தகட்டில் தலைப்பக்கமிருந்து முதுகுப்பக்கம் நீளவாக்கில் ஓடும் இரண்டு கருங்கோடுகள் தெரிந்தால், உடல் வெளிர்பழுப்பாக 11 முதல் 16 மி.மீ. நீளம் இருந்தால், அது ஜெர்மன் கரப்பான், அதாவது பிளாட்டெல்லா ஜெர்மானிகா. முழு இறக்கை இருந்தும் பறக்காது. குஞ்சு கருமையாக இருக்கும், முதுகு நடுவில் ஒரு வெளிர்பட்டை ஓடும். இந்தக் கருங்குஞ்சைத்தான் பலர் வேறு பூச்சி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இதன் பெண், 6 முதல் 9 மி.மீ. நீளமுள்ள முட்டைக்கூட்டைப் பொரிக்கும் தறுவாய் வரை வாலிலேயே சுமந்து திரியும். கூட்டுக்குள் 30 முதல் 40 முட்டைகள். சுமக்கும் தாய் பதுங்கியே இருக்கும், வெளியே அதிகம் வராது. அதனால்தான் கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துக் கொன்ற பிறகும் இரண்டு வாரத்தில் குஞ்சுகள் கூட்டமாக வருகின்றன. முட்டைக்கூட்டோடு ஒரு பெண் அட்டையில் சிக்கினால், அதே அட்டையில் மிகச் சிறிய குஞ்சுகளும் இருந்தால், பதுங்குமிடம் மிக அருகில் இருக்கிறது என்று பொருள். அலமாரிக் கீல், பிரிட்ஜ் கதவின் ரப்பர், மிக்ஸியின் அடிப்பக்கம், வாட்டர் பியூரிஃபையரின் பின்புறம், அட்டைப்பெட்டி மடிப்பு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள் தெரியுமிடம்தான் இருப்பிடம்.

மழைக்காலத்தில் ட்யூப்லைட்டைத் தேடிப் பறந்துவரும் சின்னக் கரப்பானுக்கும் இதேபோல் இரட்டைக்கோடு இருந்தால் குழம்பவேண்டாம். அது வெளியே சருகுக்கடியில் வாழும் ஆசியக் கரப்பானாக இருக்கலாம். ஜெர்மன் கரப்பான் வெளிச்சத்தைக் கண்டால் ஓடும், இது வெளிச்சத்துக்கு வரும். பிரித்தறிய இந்த ஒரு குணமே போதும். 2024இல் வெளியான மரபணு ஆய்வு, சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்தே ஜெர்மன் கரப்பான் தோன்றியது என்கிறது. இத்தனை உருவ ஒற்றுமைக்குக் காரணம் இந்த நெருங்கிய உறவுதான்.

டிவிக்குப் பின்னால் இருப்பது

அளவில் இதுவும் அதே அளவுதான், 10 முதல் 14 மி.மீ. ஆனால் கழுத்துத் தகட்டில் இரட்டைக்கோடு இருக்காது. நடுப்பகுதி கரும்பழுப்பாகவும் இரு ஓரங்களும் வெளிறியும் இருக்கும். இறக்கையின் குறுக்கே இரண்டு வெளிர்பட்டைகள். குஞ்சில் இந்தக் குறுக்குப்பட்டை இன்னும் தெளிவாகத் தெரியும். இது பழுப்புப்பட்டைக் கரப்பான், சுபெல்லா லாஞ்சிபால்பா. ஈரம் இதற்குக் கட்டாயமில்லை. சூடும் வறட்சியும் உள்ள இடம் பிடிக்கும். டிவி, மோடம், புத்தக அலமாரி, திரைச்சீலை மடிப்பு, கூரையோரம் என்று உயரமான இடங்களில் இருக்கும். சுமார் 5 மி.மீ. முட்டைக்கூடுகளை மேசையின் அடிப்பலகையிலும் படச்சட்டத்தின் பின்னாலும் ஒட்டிவைக்கும். சமையலறை முழுக்க மருந்து வைத்தும் படுக்கையறையில் கரப்பான் குறையவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படவேண்டும்.

சாக்கடையிலிருந்து வரும் பெரியவை

செம்பழுப்பு, 35 முதல் 40 மி.மீ., சில சமயம் அதற்கும் மேல். கழுத்துத் தகட்டின் ஓரம் மங்கிய மஞ்சள், நடுவில் கரும்பழுப்புத் திட்டு. இது அமெரிக்கக் கரப்பான், பெரிபிளனெட்டா அமெரிக்கானா; பூர்வீகம் ஆப்பிரிக்கா. புழுக்கமான இரவுகளில் பறக்கவும் செய்யும். பாதாளச் சாக்கடை, சேம்பர், செப்டிக் டேங்க் ஆகியவை இதன் வீடு. நம் குளியலறை அது வந்துபோகும் வழி மட்டுமே. குஞ்சு சாம்பல்பழுப்பிலிருந்து மெல்லச் செம்பழுப்பாகும், முதுகில் கோடு எதுவும் இருக்காது. இறக்கை முளைக்கப் பல மாதங்கள், குளிர்ந்த இடமானால் ஓராண்டுக்கு மேலும் ஆகும். முட்டைக்கூடு 8 மி.மீ. அளவில் கரும்பழுப்பாக இருக்கும், உள்ளே சுமார் 15 முட்டைகள். பெண் அதை ஓரிரு நாளில் எங்காவது ஒட்டிவிட்டுப் போய்விடும்.

இதன் எச்சத்தை எலிக்குஞ்சின் எச்சம் என்று நினைத்து எலிப்பொறி வைப்பவர்கள் உண்டு. எலி எச்சத்தின் முனை கூராக இருக்கும், சில சமயம் ரோமம் கலந்திருக்கும். கரப்பான் எச்சம் சுமார் 2 மி.மீ., முனை மழுங்கி, நீளவாக்கில் வரிகளோடு இருக்கும்.

அதே உருவம், கொஞ்சம் சிறியது, 30 முதல் 35 மி.மீ.; கழுத்துத் தகட்டைச் சுற்றிப் பளிச்சென்ற மஞ்சள் வளையம், இறக்கை தொடங்கும் வெளியோரத்தில் ஒரு மஞ்சள் கீற்று. இப்படி இருந்தால் ஆஸ்திரேலியக் கரப்பான். பூந்தொட்டி, தோட்டம், விறகுக்குவியல் பக்கம் தேடுங்கள். தொட்டி மண்ணைக் கிளறும்போது வெளிப்படும் 2 சென்டிமீட்டர் கருங்கரப்பான் சுரினாம் கரப்பான். தொட்டி மண்ணைத் தாண்டி வீட்டுக்குள் பெரும்பாலும் பெருகாது, தொட்டியை வெளியே வைத்தால் போதும்.

கரப்பானே இல்லாதவை

இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் கரப்பான். முதுகு நடுவில் நேர்கோட்டில் சேர்ந்தால் வண்டு. பின்னங்கால் தடித்துத் துள்ளினால் சுவர்க்கோழி. மூட்டைப்பூச்சிக்கு உணர்கொம்பு குட்டை, வாலில் இரண்டு முனைகள் இருக்காது. மிகச் சிறிய கரப்பான் குஞ்சுக்கும் அந்த வால்முனைகள் உண்டு.

இனம் தெரிந்த பின்

ஜெர்மன் கரப்பானுக்கு ஜெல், அதாவது கரப்பான் தின்று சாகும் விஷப்பசை. அட்டையில் அதிகம் சிக்கிய இடங்களில், கீலிலும் இடுக்கிலும் 3 மி.மீ. பொட்டுகளாக வையுங்கள், எத்தனை என்பதை லேபிளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதே இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் ஜெல்லைத் தின்ன வராது. பழுப்புப்பட்டைக் கரப்பானுக்கும் ஜெல்தான், ஆனால் உயரத்தில். சில ஜெர்மன் கரப்பான் கூட்டங்கள் குளுக்கோஸை வெறுக்கும்படி மாறியிருக்கின்றன. இனிப்பூட்டிய ஜெல்லைத் தொடாமல் போனால் வேறு தயாரிப்புக்கு மாறவேண்டும்.

அமெரிக்கக் கரப்பானுக்கு ஜெல்லைவிடப் பிளம்பிங் வேலை முக்கியம். பயன்படுத்தாத குளியலறையின் நானி டிராப்பில், அதாவது தரை வடிகாலுக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணத்தில், தண்ணீர் வற்றினால் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தடையே இல்லை. வாரம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். சிங்க் குழாயும் வாஷிங் மெஷின் குழாயும் தரைத்துளைக்குள் போகுமிடத்து இடைவெளியை அடைத்துவிடுங்கள். சேம்பர் மூடியின் விளிம்பைச் சிமெண்டால் பூசி, செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் வாயில் வலை கட்டுங்கள். ஒரு மாதம் கழித்து, அதே ஆறு இடங்களில் புது அட்டை வைத்து எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.