நூல் அறுந்தும் மெஷின் ஓடுகிறதா? சென்சார் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிமிடத்துக்கு 4,500 தையல் ஓடுகிற லாக்ஸ்டிச் (மேல் நூலும் கீழ் நூலும் பின்னி விழும் நேர்த்தையல்) மெஷினில், தையல் நீளம் 3 மில்லிமீட்டர் என்றால், ஒரு நொடிக்கு 22 சென்டிமீட்டருக்கு மேல் துணி நகர்ந்துவிடும். நூல் அறுந்ததை இரண்டு நொடி தாமதமாகக் கவனித்தாலே, கிட்டத்தட்ட அரை மீட்டருக்கு வெறும் ஊசித் துளைதான் மிஞ்சும். இதற்காகத்தான் நூல் அறுபட்டால் மெஷினை நிறுத்தும் சென்சார் வந்தது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீட்டு முன்னறையில் நாலு மெஷின் போட்டு நைட்டியும் பள்ளிச் சீருடையும் தைப்பவர்கள் முதல், பல ஹெட் (ஒரே பூவை ஒரே நேரத்தில் தைக்கும் பல தையல் தலைகள்) உள்ள எம்பிராய்டரி மெஷின் வைத்திருப்பவர்கள் வரை எல்லோருக்கும் இது உதவும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய சென்சாரை அணைத்து வைத்துவிட்டு வேலை பார்ப்பவர்கள்தான் அதிகம் என்பது என் வருத்தம்.

அணைப்பதற்குச் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: "நூல் அறுந்தே இல்லை அண்ணே, சும்மா சும்மா நிக்குது." உண்மைதான், நிற்கும். ஆனால் காரணம் பெரும்பாலும் சென்சாரில் இருக்காது, நூல் கோத்த விதத்தில் இருக்கும். எம்பிராய்டரி மெஷினில் நூல் போகும் வழியில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. நூல் இழுபடும்போது அது சுழலும். சுழலாவிட்டால் நூல் அறுந்ததாக மெஷின் எடுத்துக்கொள்ளும். அவசரத்தில் மறுபடி கோக்கும்போது நூலைச் சக்கரத்தில் முழுதாகச் சுற்றாமல் பக்கவாட்டில் விட்டுவிடுவார்கள். நூல் நன்றாகவே ஓடும், தையலும் விழும், சக்கரம் மட்டும் சுழலாது. மெஷின் நிற்கும். நாலு முறை நின்றதும் பொறுமை போய், செட்டிங்கில் உணர்திறனைக் குறைப்பார்கள், அப்புறம் ஒரேயடியாக அணைப்பார்கள். அன்று மாலை நிஜமாகவே நூல் அறும்போது சொல்ல ஆள் இருக்காது. செட்டிங்கில் கை வைக்கும் முன் கோனிலிருந்து (நூல் சுற்றிய கூம்பு) ஊசிக் கண் வரை நூல் போகும் பாதையை விரலால் தொடர்ந்து பாருங்கள். அரை நிமிட வேலை.

சக்கரம் இறுகிப்போயிருந்தாலும் இதே தொல்லை வரும். அதற்கு எண்ணெய் ஸ்பிரே அடிப்பது அடுத்த தவறு. எண்ணெய் பட்டால் நூல் வழுக்கும், சக்கரம் இன்னும் மோசமாகச் சுழலும், பஞ்சும் வந்து ஒட்டிக்கொள்ளும். கம்ப்ரசர் காற்றை நேராக உள்ளே அடிப்பதும் வேண்டாம். பஞ்சு வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். மெல்லிய பிரஷ்ஷும் உலர்ந்த துணியும் போதும்.

நம் குமரி மாவட்டத்துக்கே உரிய சில விஷயங்களும் இருக்கின்றன. ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் ஆடிக் காற்று ஜன்னல் வழியே அடித்தால், கோனுக்கும் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனுக்கும் இடையில் தொங்கும் நூல் ஆடும். செக் ஸ்பிரிங் (நூல் இழுபடும்போது அசையும் சின்னக் கம்பிச் சுருள்) அசைவைப் பார்க்கிற வகையானாலும், ஒளிக்கற்றையில் நூலைப் பார்க்கிற வகையானாலும், இந்த ஆட்டம் தப்பான தகவல் கொடுக்கும். அறுந்த நூலின் முனை காற்றில் அசைவதை நூல் ஓடுவதாக எடுத்துக்கொண்டு நிற்காமல் போவதும் உண்டு. மெஷினை ஜன்னலுக்கு நேரே போடாதீர்கள். மேற்கு ஜன்னல் வழியே சாயங்கால வெயில் ஒளி சென்சாரின் கண்ணில் நேராக விழுந்தாலும் அது குழம்பும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்டுச் செக் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். துருவின் சொரசொரப்பு நூலைத் தேய்த்து அறுக்கும், சென்சாரும் ஒழுங்காகச் சொல்லாது. ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு மழைக்காலத்தையும் பார்க்கிற ஊர் இது. எம்பிராய்டரிக்குப் போடும் விஸ்கோஸ் ரேயான் நூல் ஈரமானால் வலு வெகுவாகக் குறையும். கோனைத் திறந்தபடி விட்டு வீட்டுக்குப் போகாமல், பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள். பாலியஸ்டருக்கு இந்தக் கவலை கிடையாது.

பாபினை, அதாவது கீழ் நூல் சுற்றிய சின்ன உருளையை, மறப்பது பெரிய தவறு. மேல் நூலைப் பார்க்கும் சென்சார் சில மெஷின்களில் கீழ் நூலைப் பார்க்காது. கீழ் நூல் தீர்ந்த பிறகும் மேல் நூல் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டுக்கொண்டிருக்கலாம். சென்சார் அதை நம்பி ஓடவிடும். தையல் எண்ணிக்கையை வைத்து எச்சரிக்கும் கவுண்டர் இருந்தால், எல்லாத் துணிக்கும் ஒரே எண்ணைப் போட்டு வைக்காதீர்கள். ஜீன்ஸ் போன்ற தடித்த துணி பாபின் நூலைக் கூடுதலாகத் தின்னும். அன்றைக்குத் தைக்கப் போகும் துணியிலேயே ஒரு பாபினை முழுதாக ஓட்டித் தீர்த்து, வந்த எண்ணிக்கைக்குச் சற்றுக் கீழே கவுண்டரை வையுங்கள். துணியின் ஓரத்தைப் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக்கில் இதைவிடக் கவனம் தேவை. மூன்று நூல் ஓவர்லாக் ஒரு மீட்டர் தையலுக்குச் சுமார் 14 மீட்டர் நூல் எடுக்கும், லாக்ஸ்டிச்சுக்குச் சுமார் 2.5 மீட்டர் போதும். ஓவர்லாக்கில் லூப்பர் (பாபினுக்குப் பதில் நூலை வளையமாகப் பின்னும் கொக்கி) நூலுக்கும் தனிச் சென்சார் இல்லாவிட்டால், அங்கே அறுந்ததைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

சரி, சென்சார் ஒழுங்காக நிறுத்திவிட்டது. அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் பாதி சேதம் நடக்கிறது. அறுந்த முனையைப் பார்க்காமல் கத்தரித்துப் போட்டுவிட்டு மறுபடி கோக்கிறோம். அந்த முனையில்தான் காரணம் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை இழையாகப் பிரிந்திருந்தால் ஊசிக் கண்ணிலோ வழியில் உள்ள கொக்கியிலோ உரசல். நறுக்கியது போலச் சுத்தமாக இருந்தால் ஹூக்கிலோ (மேல் நூலைப் பிடித்துப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும் பாகம்) ஊசித் தட்டிலோ கூரான கீறல். சுருண்டு மெலிந்திருந்தால் டென்ஷன் அதிகம். முனையில் சின்னக் குமிழ் போல உருகியிருந்தால் ஊசிச் சூடு. பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸ் தாண்டினால் உருகிவிடும்; தடித்த துணியில் முழு வேகத்தில் ஓடும் ஊசி அந்தச் சூட்டை நெருங்கும். ஓடிக்கொண்டிருக்கும்வரை நூல் நகர்வதால் தப்பிக்கும், மெஷின் நின்ற நொடியில் சூடான ஊசியோடு ஒட்டி நின்று அறும். அதனால்தான் சிலருக்கு ஒவ்வொரு முறை நிறுத்தி எடுக்கும்போதும் அறுகிறது. வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

அறுந்த இடத்திலிருந்தே நேராகத் தொடங்குவதும் தப்பு. நேர்த்தையலில் நல்ல தையலின் மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி வந்து தொடங்க வேண்டும். எம்பிராய்டரியில் அறுந்த தையலுக்குச் சற்று முன்பு வரை பின்னால் போய் ஓட்ட வேண்டும். அதிலும் அறுந்த ஹெட் மட்டும் தைக்க வேண்டும். ஹெட் சுவிட்சைச் சரியான நிலையில் வைக்காமல் ஓட்டினால், மற்ற ஹெட்டுகள் ஏற்கெனவே தைத்த பூவின் மேலேயே திரும்பத் தைத்துத் துணியைக் கட்டியாக்கிவிடும்.

காலையில் வேலை தொடங்கும்போது ஒரு கழிவுத் துணியை வைத்து ஓட்டி, மேல் நூலைச் சென்சாருக்கு முன்னால் கத்தரியால் வெட்டிப் பாருங்கள். எத்தனை தையலில் நிற்கிறது என்று எண்ணுங்கள். அப்புறம் பாபின் நூலை வெட்டிவிட்டு இன்னொரு முறை. தொடக்கத்தின் முதல் சில தையல்களைச் சென்சார் கணக்கில் எடுக்காதபடி செட் செய்திருப்பார்கள், நூல் அப்போது சரியாக இழுபடாது என்பதால். எனவே மெஷின் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகே வெட்டுங்கள். நேற்று ஐந்தில் நின்றது இன்று பதினைந்தில் நின்றால், ஆர்டர் துணியை ஏற்றும் முன் சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் திறந்து பாருங்கள்.